யாரைக் கேட்டு ஆறினீங்க?

கொசு தப்பித்துக்கொண்டது. அடி மட்டும் காதில் விழுந்தது.

அடித்தவள் மனைவி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கைப்பந்தை வலைக்கு அந்தப் பக்கம் இறக்கி இறக்கிப் பழகிய கை. கணவரின் இடது காதோரம் கொசு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவதைப் பார்த்ததும் அந்தக் கை யோசிக்கவில்லை. 'பளார்' என்றது. அவருடைய காதுக்குள் எங்கேயோ காகிதம் கிழிந்த மாதிரி ஒரு சத்தம். அதன்பின் அந்தப் பக்கத்து உலகத்தின் மேல் யாரோ தலையணையை வைத்து அமுக்கிவிட்டார்கள்.

"செத்துச்சா?" என்று கேட்டார்.

"பறந்துடுச்சுங்க."

"பிறந்துடுச்சா? யாருக்கு?"

அப்போதுதான் இருவருக்கும் பயம் வந்தது.

அவர் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்காருகிறவர். எல்லோரும் அவரை விசாரணைக்காரர் என்றே அழைப்பார்கள். கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை. அதன் வழியாக வரும் கேள்வியை இடது காதில் வாங்கிக்கொள்வார். வலது காது தொலைபேசிக்கு. அடி விழுந்த மறுநாளே கூத்து ஆரம்பித்தது. வடக்கே போக வேண்டிய குடும்பம் ஒன்று தெற்கே போய்ச் சேர்ந்தது. 'கழிப்பறை எங்கே' என்று கேட்டவரிடம், 'அது மலைப்பாதை, ஆறு மணி நேரம் ஆகும்' என்றார். மேலாளர் கூப்பிட்டார்.

"காதைச் சரி பண்ணிட்டு வாங்க. குணமாயிடுச்சுன்னு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் குடுக்கணும். இல்லேன்னா மூட்டை முடிச்சு அறைக்கு மாத்திடுவேன். மூட்டைங்க கேள்வி கேக்காது."

ஆக, மனைவி முன்னே நடக்க, விசாரணைக்காரர் பின்னே நடக்க, இருவரும் பெரிய ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைத் துறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

காலையில் போனவர்களுக்கு மதியத்துக்கு மேல்தான் முறை வந்தது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டிருந்த உதவிப் பேராசிரியர், கொட்டாவி விட்டபடியே காதுக்குள் குழாயை வைத்துப் பார்த்தார். பாதிக் கொட்டாவி அப்படியே நின்றுபோனது.

"ஐயோ!" என்றார்.

விசாரணைக்காரர் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "என்னங்க டாக்டர்?"

"என்ன அழகு!" என்றார் உதவிப் பேராசிரியர். "யாராவது ஓடிப்போய் சாரைக் கூட்டிட்டு வாங்க! நீங்க ஆடாதீங்க. தலையை அசைக்காதீங்க. மூச்சை மெதுவா விடுங்க."

துறைத் தலைவர் வந்தார். அவருக்கு முன்னால் ஒரு வாசனையும் பின்னால் ஒரு மாணவர் கூட்டமும் வந்தன. குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணில் ஈரம் இருந்தது.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல காதுச் சவ்வுல ஓட்டைன்னு எவ்வளவோ பார்த்தாச்சு," என்றார் மாணவர்களிடம். "கோணலா, கிழிசலா, கந்தலா. இதைப் பாருங்க. காம்பஸ் வெச்சு வரைஞ்ச வட்டம். ஆண்டவனாப் பார்த்து நமக்கு அனுப்பியிருக்கான்."

"ஆண்டவன் இல்லீங்க டாக்டர். நான்தான் அடிச்சேன்," என்றாள் மனைவி, தலையைக் குனிந்துகொண்டு.

தலைவர் அவளை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். "எந்தக் கை?"

அவள் வலது கையைக் காட்டினாள். மாணவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் குறித்துக்கொண்டான்.

"சார், இதை எப்ப அடைப்பீங்க?" என்று கேட்டார் விசாரணைக்காரர்.

"அடைக்கிறதா?" அரண்மனைக்குச் சுண்ணாம்பு அடிக்கட்டுமா என்று யாரோ கேட்டுவிட்ட மாதிரி தலைவர் ஓர் அடி பின்வாங்கினார். "பரீட்சை முடியட்டுங்க. அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்."

விஷயம் இதுதான். ஒன்றரை மாதம் கழித்து மாணவர்களுக்குச் செய்முறைப் பரீட்சை. வெளியூரிலிருந்து பெரிய பரிசோதகர் ஒருவர் வருவார். அவர் முன்னால் நோயாளிகளைப் படுக்க வைக்க வேண்டும். இன்னாருக்கு இன்ன வியாதி என்று மாணவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். வியாதி நன்றாக இருந்தால்தான் துறைக்குப் பெருமை.

"போன வருஷம் வெறும் சளிக் கேஸை வெச்சு ஒப்பேத்தினோம்," என்றார் தலைவர். "அன்னியிலேர்ந்து கண் டிபார்ட்மென்ட்டுக்காரங்க கான்டீன்ல என்னைப் பார்த்தா வேணும்னே தும்முறாங்க. இந்த வருஷம் தும்மட்டும், பார்க்கலாம். இவரை அட்மிட் பண்ணுங்க. ஜன்னலோரக் கட்டில். தனி ஃபேன். ரெண்டு வேளை பால்."

"மருந்து, சார்?" என்றார் உதவிப் பேராசிரியர்.

"ஒரு சொட்டு படக்கூடாது. இயற்கை அழகு கெட்டுடும்."

அப்படியாக விசாரணைக்காரர் மனிதர் என்ற நிலையிலிருந்து 'கேஸ்' என்ற நிலைக்கு உயர்ந்தார். சாதாக் கேஸ் அல்ல, நல்ல கேஸ். வார்டில் இந்த வித்தியாசம் ஜாதி வித்தியாசத்தைவிடக் கறாராக இருந்தது. சாதாக் கேஸ்களுக்கு நடைபாதையில் பாய். அவர்கள் இருமினால் "சத்தம் போடாதே" என்பார்கள். நல்ல கேஸ் இருமினால் நாலு பேர் ஓடி வருவார்கள், காதுக்கு அதிர்ச்சியாகியிருக்குமோ என்று.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி புரோக்கர் இருந்தார். மூக்கில் இரத்தம் கொட்டி வந்தவர். இரண்டு மூக்கிலும் பஞ்சை வைத்து இறுக்கி அடைத்துவிட்டதால் அவருக்கு 'ம'வும் 'ந'வும் வராது. 'ப'வும் 'ட'வும்தான் வரும்.

"கொடுத்து வெச்ச படுஷர் டீங்க," என்றார் பெருமூச்சு விட வழியில்லாமல். "டல்ல கேஸ். டான் படிக்கட்டுலேர்ந்து இங்க வரவே பத்து டாள் ஆச்சு."

விசாரணைக்காரருக்குப் பெருமையாக இருந்ததா என்றால், முதல் இரண்டு நாள் இருந்தது. பொய் சொல்வானேன். ஒருவருடைய காதைப் பார்க்க வரிசை நின்றால் யாருக்குத்தான் சற்று நிமிர்ந்து உட்காரத் தோன்றாது? எலும்புத் துறையிலிருந்து வந்து பார்த்தார்கள். தோல் துறை வந்தது. கண் துறைக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தும்மாமல் திரும்பிப் போனார். அன்று தலைவர் வார்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். ஓட்டையைப் படம் பிடித்துச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். அங்கே முன்பு மாட்டியிருந்த மனைவி மக்கள் படம் அலமாரிக்கு மேலே போயிற்று.

மூன்றாம் நாள் பெருமை தேய்ந்துவிட்டது. எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று நர்ஸைக் கேட்டார். டாக்டரைக் கேளுங்கள் என்றாள். டாக்டரைக் கேட்டார். சாரைக் கேளுங்கள் என்றார். சாரைக் கேட்டார். சார் காதைப் பார்த்தாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. வருஷக்கணக்கில் ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொன்ன மனிதருக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

நடுவில் பயிற்சி வேறு. உதவிப் பேராசிரியர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்தார்.

"பேர் கேட்டா சொல்லலாம். வயசு கேட்டா சொல்லலாம். என்ன வியாதின்னு கேட்டா?"

"காதுல ஓட்டைங்க."

"தப்பு! 'அதை நீங்கதான் சொல்லணும்'னு சொல்லணும். எங்கே, சொல்லுங்க."

"அதை நீங்கதான் சொல்லணும்."

"டாக்டர் கேட்டா அப்படிச் சொல்லணும். நான் கேட்டா அப்படிச் சொல்லக்கூடாது."

"நீங்க டாக்டர் இல்லீங்களா?" என்றார் விசாரணைக்காரர் நிஜமான சந்தேகத்தோடு. உதவிப் பேராசிரியர் அன்று பாடத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார்.

பாடம் நடந்ததே தவிர ரகசியம் நிற்கவில்லை. மாணவர்கள் தனித்தனியாக வந்தார்கள். ஒருவன் பிஸ்கட் கொண்டுவந்தான், இன்னொருவன் ஆரஞ்சுப் பழம், வேறொருவன் செய்தித்தாள். எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: எந்தக் காது, என்ன வியாதி? ஒருத்தி மட்டும் எதையும் கொண்டுவரவில்லை. தடித்த கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். வந்து நின்று, "வலிக்குதா?" என்று கேட்டாள்.

விசாரணைக்காரர் சற்று யோசித்தார். அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை யாரும் அவரிடம் கேட்காத கேள்வி.

"வலி இல்லம்மா. காத்தடிக்கிற மாதிரி ஒரு இரைச்சல். தூங்க முடியலை."

"இந்த மாதிரி ஓட்டை நிறையப் பேருக்குத் தானா மூடிக்கும்," என்றாள் அவள். "தண்ணி படாம, மூக்கை வேகமாச் சிந்தாம இருந்தா போதும். வீட்டுலயே இருந்திருக்கலாம்."

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் மனைவி இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தாள். தனக்குத்தானே முணுமுணுத்தாள். "கூடப் பிறந்த தம்பின்னு ஒருத்தர் இருக்காரே, ஒரு நாளாவது எட்டிப் பார்க்கணும்னு தோணுச்சா?"

"அவனுக்கு லீவு கிடைக்கலையாம்," என்றார் அவர்.

அவள் கை நின்றது. "கேட்டுச்சா?"

"கேட்டுச்சே."

"இந்தக் காதுலயா?"

அவர் வலது காதை விரலால் பொத்திக்கொண்டார். "எதாவது சொல்லு."

"கொசு," என்றாள் மெல்ல.

"கொசு," என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று முகம் மாறியது. "ஏங்க, எத்தனை நாளா கேக்குது? நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து உங்க அம்மாவைப் பத்தி என்னென்னவோ பேசியிருக்கேனே!"

கண்ணாடிப் பெண் வந்து குழாய் வைத்துப் பார்த்தாள். "மூடிடுச்சு! சுத்தமா மூடிடுச்சு!" என்று குதிக்காத குறையாகச் சொன்னாள். நல்ல சேதி என்று நினைத்து உதவிப் பேராசிரியரிடம் ஓடினாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லாதே," என்றவர், தானே போய்த் தலைவரிடம் சொன்னார்.

மறுநாள் காலை விசாரணைக்காரரும் மனைவியும் தலைவர் அறையில் நிறுத்தப்பட்டார்கள். சுவரில் ஓட்டை சட்டத்துக்குள் பளபளத்தது.

"யாரைக் கேட்டு ஆறினீங்க?" என்றார் தலைவர்.

"நான் யாரையும் கேக்கலைங்க. அது பாட்டுக்கு…"

"அது பாட்டுக்கு ஆறும்னா நாங்க இங்க எதுக்கு இருக்கோம்?"

விசாரணைக்காரருக்கும் அதே சந்தேகம்தான்.

"ஜன்னல் குடுத்தோம். ஃபேன் குடுத்தோம். பால் குடுத்தோம். ஒரு ஓட்டைக்கு இதுக்கு மேல என்னய்யா மரியாதை பண்ண முடியும்?" தலைவர் மேசையைத் தட்டினார். "நோயாளிங்களுக்கு நன்றியே கிடையாது. வியாதியோட வரும்போது எவ்வளவு பணிவா வர்றாங்க! குணமானதும் பாருங்க, நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறாங்க. இந்தத் துறைக்காக உங்களால ஒரு ரெண்டு வாரம் பொறுத்துக்க முடியலை." சட்டென்று மனைவியைப் பார்த்தார். "நீங்க ரகசியமா எதாவது ஊத்தினீங்களாம்மா?"

"ஊத்தலை. வேணும்னா மறுபடி ஒண்ணு விடட்டுமா?" என்றாள் அவள் எரிச்சலில்.

தலைவர் அதைப் பரிசீலித்தார். பிறகு உதவிப் பேராசிரியரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"அதே வட்டம் வரும்னு உத்தரவாதம் இல்ல, சார்," என்றார் அவர் பணிவாக.

விசாரணைக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுதலுக்கு ஒரு பாதி, முன்னெச்சரிக்கைக்கு ஒரு பாதி.

"சரி," என்றார் தலைவர் கடைசியில். "நான் பார்த்தப்ப ஓட்டை இருந்துச்சு. நான் மறுபடி பார்க்கிற வரைக்கும் இருக்கும். பரீட்சை முடியிற வரைக்கும் நான் பார்க்கப் போறதில்ல. போய்ப் படுங்க."

ஓடிப்போய்விடலாமா என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஓடிப்போனால் குணமாயிற்று என்று யார் எழுதிக் கொடுப்பார்? எழுதித் தராவிட்டால் ஆயுசுக்கும் மூட்டைகளோடுதான். போய்ப் படுத்தார்.

பரீட்சை நாள் வந்தது. வெளியூர்ப் பரிசோதகர் வயதானவர். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். மாணவர்கள் ஆறு பேர். ஜன்னலோரக் கட்டில் என்றால் ஓட்டை என்பது சமையலறைக்குக்கூடத் தெரிந்திருந்தது. முதல் மாணவன் குனிந்து நிமிர்ந்து, "ஓட்டை, சார்," என்றான். இரண்டாமவன், "வட்டமான ஓட்டை," என்றான். மூன்றாமவனுக்கு வட்டத்தின் விளிம்பு கண்ணாடி மாதிரி தெரிந்தது. நான்காமவனுக்கு அதற்குப் பின்னாலிருந்த எலும்பு தெரிந்தது. ஐந்தாமவன் டீனின் அக்கா மகன். அவன் ஓட்டை வழியாகப் புகுந்து மூக்கின் பின்வாசல் வரைக்கும் பார்த்துவிட்டு வந்து விவரமாகச் சொன்னான். பரிசோதகர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

ஆறாவதாகக் கண்ணாடிப் பெண். குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். குழாயை எடுக்காமலே தலைவர் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். 'ஓட்டைன்னு சொல்லிட்டுப் போயிடும்மா' என்று அவர் மனசு அடித்துக்கொண்டது.

"சவ்வு முழுசா இருக்கு, சார். ஓட்டை இல்ல."

தலைவர் இருமினார். உதவிப் பேராசிரியர் கூரையைப் பார்த்தார்.

"அஞ்சு பேருக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையா?" என்றார் பரிசோதகர். "எங்கே, நானே பார்க்கிறேன்." குழாயை வாங்கி வைத்துப் பார்த்தார். காலையிலிருந்து எரிந்து எரிந்து அதற்குள் இருந்த விளக்கின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. "இருட்டா இருக்கு," என்றார். "இருட்டா இருந்தா என்ன அர்த்தம்? ஓட்டை."

விசாரணைக்காரருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தார். "ஐயா, அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரிங்க. எனக்கு இந்தக் காது நல்லாவே கேக்குது."

"கேஸ் பேசக்கூடாது!" என்றார் தலைவர்.

"காது கேக்காதவங்க அப்படித்தான் சொல்வாங்க," என்று பரிசோதகர் மாணவர்களுக்கு விளக்கினார். "அதுவும் ஒரு அறிகுறி. எழுதிக்கோங்க."

ஐந்து பேர் தேறினார்கள். கண்ணாடிப் பெண் தோற்றாள். மாடிப்படிக்கு அடியில் நின்று அவள் அழுததைப் பார்த்துவிட்டு வந்த லாரி புரோக்கர், பஞ்சு இன்னும் எடுக்கப்படாத மூக்கோடு, "படசே சரியில்ல," என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார். பால் வந்தது. விசாரணைக்காரர் குடிக்கவில்லை.

மறுநாள் காலை தலைவர் பரிவாரத்தோடு வந்தார். இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் குழாயை எடுத்துக் காதுக்குள் பார்த்தார்.

"மூடிடுச்சு," என்று அறிவித்தார். "நேத்து எல்லார் கண்ணு முன்னாலயும் இருந்துச்சு. இன்னிக்கு இல்ல. நடுவுல நாம என்ன வைத்தியம் பண்ணோம்?"

"ஒண்ணும் பண்ணலை, சார்," என்றார் உதவிப் பேராசிரியர்.

"அதேதான்!" தலைவர் கையைத் தட்டினார். "கத்தி இல்ல, மருந்து இல்ல, ஊசி இல்ல. நோயாளியைச் சும்மா உட்கார வெச்சோம், ஆறிடுச்சு. இது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! இத்தனை வருஷமா வெளியில ஜனங்களை மணிக்கணக்கா உட்கார வெக்கிறோமே, அதை ஊர் என்னவோ குறைன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. அது குறையில்லய்யா, வைத்தியம்! நாமே தெரியாம பண்ணிக்கிட்டிருந்தோம்."

அந்த இடத்திலேயே அதற்குக் 'காத்திருப்புச் சிகிச்சை' என்று பேர் வைத்தாயிற்று. டிஸ்சார்ஜ் கேட்ட விசாரணைக்காரருக்கு, "சிகிச்சை முடிஞ்சுது, விழா முடியலை," என்று பதில் வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிடைத்த முதல் நேரடிப் பதில் அது.

விழாவுக்கு மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். துறையின் நடைபாதையில் சாயம் அடித்த புது பெஞ்சுகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. அதுதான் காத்திருப்புச் சிகிச்சைப் பிரிவு. அதிகாரி நாடாவை வெட்டி, ஒரு பெஞ்சில் சிறிது நேரம் உட்கார்ந்து, "இப்பவே தேவலைன்னு இருக்கே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மண்டபத்தில் மேடை. விசாரணைக்காரருக்கு மாலை போட்டு நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு இடது பக்கம் தலைவர், அதற்கு அடுத்து உதவிப் பேராசிரியர். கீழே முதல் வரிசையில் மனைவி. கடைசி வரிசையில், யார் கண்ணிலும் படாமல், கண்ணாடிப் பெண். அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். தலைவரும் உதவிப் பேராசிரியரும் விசாரணைக்காரரின் இடது காதுக்கு ஒரு சாண் தூரத்தில் தலையைச் சேர்த்துக்கொண்டு குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். அந்தக் காது கேட்கிறது என்று கொண்டாடத்தான் விழா. ஆனாலும் காது என்பது தலைவரைப் பொறுத்தவரை பார்ப்பதற்கு உரியது. அது கேட்கவும் கேட்கும் என்ற எண்ணம் அவருக்கு எந்நாளும் வந்ததில்லை.

பேச்சு முடிந்தது. நன்றி சொல்ல நோயாளியைக் கூப்பிட்டார்கள். மைக்கின் முன்னால் போய் நின்றார். கவுண்டரில் உட்கார்ந்து மைக்கில் பேசிய பழக்கம் உண்டு. ஆனால் நடுவில் கண்ணாடி இருக்கும்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க," என்றார். "எனக்கு இடது காது நல்லா கேக்குது. வெறும் வாயால சொன்னா நம்புவீங்களோ மாட்டீங்களோ. அதனால இப்ப இந்தக் காதுல விழுந்ததை அப்படியே சொல்லிடறேன். டாக்டர் சொன்னாரு: 'சார், அந்தக் கண்ணாடிப் பொண்ணு, முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கா.' சார் சொன்னாரு: 'போட்டா போடட்டும். அவ பாஸ்னா மத்த அஞ்சு பேரும் ஃபெயில். அதுல ஒருத்தன் டீனோட அக்கா மகன்.' டாக்டர் சொன்னாரு: 'அன்னிக்கு ஓட்டை நிஜமாவே இல்லையே, சார்.' சார் சொன்னாரு: 'யோவ், எனக்குத் தெரியாதா? ஒரு பொண்ணு ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தா குடி முழுகிடாது. சும்மா உட்கார்ந்தா எல்லாம் சரியாயிடும்னுதானே இங்க விழா எடுக்கிறோம்?' அப்புறம் சார், 'இந்த அதிகாரி எப்ப நிறுத்துவாரு, எனக்குப் பசிக்குது'ன்னு சொன்னாரு. அவ்வளவுதாங்க. நன்றி."

மேலே மின்விசிறி சுற்றுவது எல்லோருக்கும் கேட்டது. காது கேட்காதவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அதிகாரி மெதுவாகத் தலைவர் பக்கம் திரும்பினார். "இவர் சொன்னது சரியா?"

தலைவர் எழுந்தார். பாவம், இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் குளம். அப்படிப் பேசவில்லை என்றால் காது கேட்கவில்லை என்றாகிவிடும். காது கேட்கவில்லை என்றால் கண்டுபிடிப்பு போயிற்று, புது பெஞ்சு போயிற்று. தொண்டையைச் செருமினார். ஒரு தடவை, இரண்டு தடவை.

"ஒரு எழுத்துகூடப் பிசகலை, சார்," என்றார் நிமிர்ந்து.

"அற்புதம்!" என்று கத்தினார் அதிகாரி. "அவ்வளவு மெதுவாப் பேசினது! நான் பக்கத்துலயேதான் பேசிக்கிட்டிருந்தேன், எனக்கு ஒண்ணுமே கேக்கலை!" கை தட்டினார். மண்டபம் முழுக்கத் தட்டியது. டீன் தட்டினார். அக்கா மகன் எழுந்து நின்று தட்டினான். இந்தச் சிகிச்சையை எல்லா ஆஸ்பத்திரிகளிலும், முடிந்தால் எல்லா அலுவலகங்களிலும் கொண்டுவர வேண்டும் என்று அதிகாரி அங்கேயே அறிவித்தார். சாப்பாட்டுக்கு எழுந்தபோதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அதென்ன, ஏதோ ஒரு பொண்ணு விஷயம்?"

"நாளைக்கே மறுபரீட்சை வெச்சிடறோம், சார்," என்றார் தலைவர். "கருணை அடிப்படையில."

மறுநாள் அதே கட்டில், அதே காது, அதே பெண். பரிசோதகர் வேலையைத் தலைவரே பார்த்தார். அவள் குனிந்தாள், பார்த்தாள்.

"சவ்வு முழுசா இருக்கு, சார். ஓட்டை இல்ல."

"சபாஷ்!" என்றார் தலைவர். "பார்த்தியா, நல்லாப் படிச்சா வருது. முதல் தடவையே இப்படிச் சொல்லியிருந்தா இவ்வளவு அலைச்சல் உண்டா?"

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். விசாரணைக்காரர் அவளைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். பாஸ் என்று எழுதியாயிற்று. அதே பேனாவால் அவருக்கும் குணமாயிற்று என்று எழுதியாயிற்று.

மூட்டையைக் கட்டிக்கொண்டு அவரும் மனைவியும் நடைபாதைக்கு வந்தார்கள். வழியனுப்பக் கண்ணாடிப் பெண்ணும் கூட வந்தாள். புது பெஞ்சுகள் எல்லாம் நிறைந்திருந்தன. முன்பும் இதே கூட்டம் இங்கேதான் உட்கார்ந்திருக்கும்; இப்போது அவர்கள் தலைக்கு மேல் பலகை இருந்தது. ஓரத்து பெஞ்சில் ஒரு பெண் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எச்சில் விழுங்க முடியாமல் கைக்குட்டையில் துப்பித் துப்பி, கைக்குட்டையில் இரத்தம்.

"என்னாச்சு?" என்றாள் விளையாட்டு ஆசிரியை.

அந்தப் பெண்ணால் பேச முடியவில்லை. பக்கத்தில் நின்ற அவள் புருஷன் சொன்னான். "மீன் முள்ளுங்க. காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கோம். டாக்டர் எப்ப பார்ப்பாருன்னு கேட்டா, வைத்தியம் ஆரம்பிச்சாச்சுங்கிறாங்க."

"உள்ள கூட்டிட்டு வாங்க," என்றாள் கண்ணாடிப் பெண்.

காவலாளி குறுக்கே வந்தான். "பாதி வைத்தியத்துல எழுப்பக் கூடாதும்மா. சார் உத்தரவு."

விசாரணைக்காரர் வாழ்க்கையில் யாரையும் தள்ளினதில்லை. அன்றும் தள்ளவில்லை. மூட்டையைக் காவலாளியின் கையில் கொடுத்து, "கொஞ்சம் பிடிங்க," என்றார். அவன் வாங்கிக்கொண்டான். இரண்டு கையும் நிறைந்துபோன மனிதனைத் தாண்டி எல்லோரும் உள்ளே போனார்கள்.

விளையாட்டு ஆசிரியை அந்தப் பெண்ணின் தலையைப் பின்னாலிருந்து அசையாமல் பிடித்துக்கொண்டாள். விசாரணைக்காரர் விளக்கைப் பிடித்தார். கண்ணாடிப் பெண் நீண்ட இடுக்கியை வாய்க்குள் விட்டாள். ஒரு குமட்டல், ஒரு இருமல், முள் வெளியே வந்துவிட்டது. வெள்ளையாக, விரல் நுனி நீளம். அந்தப் பெண் எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை விழுங்கிப் பார்த்தாள். பிறகு கண்ணாடிப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வெளியே தலைவர் பத்திரிகைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு புதுப் பிரிவைச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தார். ஓரத்து பெஞ்சு காலியாக இருந்ததைப் பார்த்தார்.

"இங்க முள் கேஸ் ஒண்ணு இருந்துச்சே?"

காவலாளி மூட்டையோடு முழித்தான். "முள்ளு போயிடுச்சு, சார்."

"எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாங்க?"

"காலையிலேர்ந்து, சார்."

தலைவர் பத்திரிகைக்காரரின் தோளில் கை போட்டார். "எழுதிக்கோங்க," என்றார். "தொண்டைக்கும் கேக்குது."